அது கண்ணாடி இல்லீங்க!

உங்கள் ஆபீஸ் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டர் மானிட்டரை விரல் நுனியால் மெதுவாக ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். நகம் படக் கூடாது. 'டிங்' என்று கேட்டால் மேலே கண்ணாடி. 'டொப்' என்று அமுங்கலாக ஒரு சத்தம் வந்தால் பிளாஸ்டிக். ஆபீஸ் மானிட்டர் என்றால் பெரும்பாலும் 'டொப்'தான்.

வாங்கும்போது யாராவது இதை உங்களிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். கேபிளுக்குத் தனிக் காசு, வாரன்ட்டி மூணு வருஷம், நல்லதா ரெண்டு வரி ரெவ்யூ போட்டுடுங்க சார் என்பதெல்லாம் சொல்வார்கள். எதைக் கொண்டு துடைக்க வேண்டும் என்று மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்காததில் ஒரு வியாபாரம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நம் வீட்டுப் பழக்கம். வெள்ளிச் சாமானுக்கு விபூதி. பித்தளைக்குப் புளி. நிலைக்கண்ணாடிக்கு, தண்ணீர் தெளித்துப் பழைய நியூஸ் பேப்பர். (பத்திரிகைக்காரன் எழுதுவது கடைசியில் எதற்காவது பயன்படுகிறதே என்று சந்தோஷம்தான்.) டி.வி. வந்தது. ஷட்டர் போட்ட மரப்பெட்டிக்குள் சாலிடேரும் டயனோராவும் உட்கார்ந்திருந்த காலத்தில் அதன் முகமும் கண்ணாடிதான். லேசுப்பட்ட கண்ணாடியும் இல்லை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த டியூப், வெளிக்காற்றின் அழுத்தத்தில் நொறுங்கிவிடக் கூடாது என்று கனமாக வார்த்தது. கிட்டே கையைக் கொண்டுபோனால் ரோமம் சிலிர்க்கும். தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா எதைப் போட்டுத் தேய்த்தாலும் தாங்கியது.

செருப்பை வெளியே விட்டு, ஏ.சி. ரூமுக்குள் பயபக்தியோடு போய்ப் பார்த்த முதல் கம்ப்யூட்டர் மானிட்டரும் அதே குடும்பம்தான். உயர்ந்த ரகங்களில் அப்போதே மேலே பூச்சு இருந்தது என்றாலும், பொதுவாக முரட்டு ஜாதி.

2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கொடுத்த இலவச கலர் டி.வி., 14 இன்ச் டியூப். 2011-ல் அ.தி.மு.க. அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் எல்.சி.டி. ஐந்தே வருஷத்தில் அதே வீட்டில், அதே அலமாரியில், கண்ணாடி இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். துடைக்கிற துணி மட்டும் மாறவில்லை.

சரி, அந்த 'டொப்'புக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மேலே இருப்பது போலரைசர் என்கிற ஃபிலிம். ஒரு திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் விட்டு, மற்றதைத் தடுத்து நிறுத்தும் தாள். அயோடின் ஏற்றி, இழுத்து நீட்டிய பிளாஸ்டிக். அதற்குப் பாதுகாப்பாக வழக்கமாக ஒட்டப்படுவது செல்லுலோஸ் ட்ரைஅசிடேட். பழைய சினிமா பிலிம் ரோல் செய்தார்களே, அந்த ஜாதி. எம்.ஜி.ஆர். பட பிலிமை நியூஸ் பேப்பரால் தேய்க்க யாருக்காவது மனசு வருமா?

அந்த ஃபிலிமுக்கும் மேலே, டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்காமலிருக்க, மெல்லிய சொரசொரப்பு ஒன்று கொடுத்திருப்பார்கள். 'என்னடா மங்கலா இருக்கே' என்று நாம் அழுத்தி அழுத்தித் தேய்ப்பது சில சமயம் அழுக்கை இல்லை, அந்தச் சொரசொரப்பைத்தான். தேய்த்த இடம் வழுவழுப்பாகி ஒரு தேமல் மாதிரி மின்னும். அது அழுக்கென்று நினைத்து மறுநாள் இன்னும் கொஞ்சம் தேய்ப்போம்.

ஃபிலிமுக்குக் கீழே ரெண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள், நடுவில் திரவப் படிகம். அந்த இடைவெளி நாலைந்து மைக்ரான். உங்கள் தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது குளத்தில் கல் போட்ட மாதிரி நிறம் அலை அலையாகப் போகிறதே, அது வேடிக்கை இல்லை. கட்டை விரலை எடுங்கள்.

இதன் மேல்தான் நாம் அந்த நீலக் கலர் கண்ணாடி க்ளீனரை 'புஸ்க் புஸ்க்' என்று அடிக்கிறோம். அந்த மாதிரித் திரவங்கள் பலவற்றில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும். அம்மோனியா, ஆல்கஹால், அசிட்டோன், தின்னர் எதுவும் கூடாது என்று மானிட்டர் கம்பெனிகள் பலவும் கையேட்டில் அச்சடித்தே கொடுக்கின்றன. எங்கே? நாலாவது பாஷைக்கும் ஏழாவது பாஷைக்கும் நடுவில், எறும்பு ஊர்கிற சைஸில். அந்தப் புத்தகம் தெர்மகோலோடு சேர்ந்து அன்றைக்கே குப்பைக்குப் போயாச்சு. அசிட்டோன் என்றால் ஏதோ லேபரட்டரி சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவர்களில் நிறைய அதுதான். ஸ்க்ரீனில் விழுந்த பேனாக் கோட்டை அதை வைத்து எடுத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடும் போச்சு, கோட்டிங்கும் போச்சு.

நேராக ஸ்ப்ரே அடிப்பதில் இன்னொரு விவகாரம். திரவம் வழிந்து கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் இறங்கும். பானலை இயக்குகிற சின்னச் சின்ன சிப்புகளும் ரிப்பன் இணைப்புகளும் இருப்பது ஓரங்களில்தான். ஒரு வாரம் கழித்து மேலிருந்து கீழாகப் பச்சையும் சிவப்புமாகக் கோடு விழுந்தால், 'சைனா சாமான் சார், அப்படித்தான்' என்போம்.

2020-ல் கொரோனா வந்தது. சானிடைசர் ஆறாக ஓடியது. உலக சுகாதார நிறுவனம் கைக்காகச் சொன்ன ஃபார்முலாவில் ஒன்று 80 சதவிகித எத்தனால், கூடவே கை வறண்டுபோகாமலிருக்க கிளிசரால். கைக்கு நல்லது. ஸ்க்ரீனுக்கு ஆல்கஹாலும் கெடுதல், மிஞ்சுகிற பிசுபிசுப்பும் தொல்லை. அந்த மார்ச்சிலேயே ஆப்பிள் கம்பெனி, தங்கள் சாமான்களை 70 சதவிகித ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியால் மெதுவாகத் துடைக்கலாம் என்று சொன்னது. சொன்னது அவர்கள் சாமானுக்கு. நம் ஆட்கள் அதை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, ஆபீஸில் இருந்த 'டொப்' மானிட்டர் அத்தனைக்கும் அபிஷேகம் செய்தார்கள். 'டிங்' வகைக்கும் ஆயுசு முழுக்க ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. சில மேக்புக்குகளில் ஸ்க்ரீன் மேலிருந்த பூச்சு தானாகவே திட்டுத் திட்டாக உரிந்துபோய், 2015-ல் அதே கம்பெனி இலவசமாக மாற்றித் தர வேண்டி வந்தது.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் 'ஸ்க்ரீன் க்ளீனிங் கிட்' தொங்கும். சின்ன பாட்டில், குட்டி பிரஷ், கைக்குட்டையில் பாதி சைஸில் ஒரு துணி. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பலவற்றில் எழுதியே இருக்காது. 'அட்வான்ஸ்டு ஃபார்முலா' என்றிருக்கும். உள்ளே இருப்பதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். இதுவாவது ஏழை ஏமாற்று. 2021 அக்டோபரில் ஆப்பிள் ஒரு துடைக்கும் துணியைத் தனியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 19 டாலர். இந்தியாவில் 1,900 ரூபாய். ஒரே ஒரு துணி! தீபாவளிக்கு ஒரு பட்டு வேட்டியே வாங்கலாமய்யா என்று கேட்காதீர்கள், அதுவும் விற்றது.

பொருளை விற்கும்போதே 'சுத்தமான துணி, கொஞ்சம் தண்ணீர், வேறெதுவும் வேண்டாம்' என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டால் இந்தக் கிட்டை யார் வாங்குவார்கள்? நமக்குத் தெரியாமலிருப்பதுதான் அவர்களுக்கு முதல். நானும் காமர்ஸ் படித்தவன்தான். லாபம் பாவம் என்று சொல்கிற ஆள் இல்லை. ஆனால் தண்ணீருக்கு ஃபார்முலா என்று பெயர் வைத்தால் கேட்கத்தான் வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் இந்தப் பத்தியே எழுதியிருக்க மாட்டேன். ஏமாறுவது நம் காசு, போகட்டும். என்னை உட்காரவிடாமல் செய்தது வேறு.

சென்னையில் ஓர் ஆடிட்டிங் ஆபீஸ். பெயர் வேண்டாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுத்தம் செய்கிற அக்காவிடம், 'எல்லாம் பளபளன்னு இருக்கணும்' என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் கொடுத்தது ஒரு நீல பாட்டிலும் ஒரு கட்டுப் பழைய பேப்பரும். அவர் கண்ணாடிக் கதவைத் துடைத்தார், பாத்ரூம் கண்ணாடியைத் துடைத்தார், அப்படியே நாலு மானிட்டரையும் துடைத்தார். அடுத்த நாள் சுவிட்சைப் போட்டால் நாலிலும் மேகமூட்டம். மானிட்டர் ஒன்று 12,000 ரூபாய், ஆக 48,000. அவர் கான்ட்ராக்டரின் ஆள் என்பதால் பில் கான்ட்ராக்டருக்குப் போனது. கான்ட்ராக்டர் அதை அந்த அக்கா தலையில் கட்டினார். மாசம் 2,000 பிடித்தம், ரெண்டு வருஷத்துக்கு. அவர் சம்பளம் 11,000.

"கண்ணாடி டோர் மாதிரிதான் சார் தொடைச்சேன். வேற துணி குடுத்திருந்தா அதுல தொடைச்சிருப்பேன்" என்றார் அந்த அக்கா. இதற்கு என்ன பதில் சொல்வது?

'அறிவு வேண்டாமா அந்தம்மாவுக்கு?' என்று கேட்டார் மானேஜர். வேண்டும் சார். அதே அறிவு, அதே நீல பாட்டிலை எடுத்துக் கொடுத்தவருக்கும் வேண்டும். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வாரத்துக்கு மூன்று மெயில் அனுப்புகிற ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கும் வேண்டும். 48,000 ரூபாய் சாமானை வாங்கிவிட்டு, அம்பது ரூபாய்த் துணி ஒன்று வாங்கித் தராத நிர்வாகத்துக்கு ரொம்பவே வேண்டும். அவர் அஜாக்கிரதையாக எதையும் உடைக்கவில்லை. சொன்ன வேலையை, கொடுத்த சாமானை வைத்து, சிரத்தையாகச் செய்தார். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் மானிட்டர் தப்பித்திருக்கும்!

சட்டம் என்ன சொல்கிறது? பி.காமில் இண்டஸ்ட்ரியல் லா பேப்பரைத் தூங்கிக்கொண்டே பாஸ் பண்ணியவர்களுக்குக்கூட 1936-ம் வருஷத்து சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ஞாபகமிருக்கும். சேதத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் பாதுகாப்புக்கென்று அந்தத் தொழிலாளியிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் நேரடியாக அவர் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். பிடிக்கும் தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், 'உன் தரப்பு என்னம்மா?' என்று கேட்க வாய்ப்புத் தர வேண்டும். அந்தச் சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, 2019-ல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே சங்கதிதான். மானிட்டரை அவரிடம் யார் ஒப்படைத்தார்கள்? காலையில் ஒரு மணி நேரம் வந்து பெருக்கிவிட்டுப் போகிறவர்.

அடுத்தது கணக்கு. இது ஆடிட்டர் ஆபீஸ் என்பதால் எனக்குக் கூடுதல் எரிச்சல். கம்ப்யூட்டர் சாமானுக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் முன்பெல்லாம் 60 சதவிகிதம், 2017-18 நிதியாண்டிலிருந்து 40. அந்த மானிட்டர்கள் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. 12,000-த்தில் 40 சதவிகிதம் கழித்தால் 7,200. மறு வருஷம் 4,320. மூன்றாவது வருஷம் 2,592. ஆக, வரி கட்டும்போது 'இது 2,592 ரூபாய்ச் சாமான்' என்று அரசாங்கத்திடம் கணக்குக் காட்டிய அதே பேனா, அந்த அக்காவிடம் வரும்போது 12,000 என்று எழுதுகிறது. புத்தக மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றில்லை என்று சி.ஏ. நண்பர்கள் கடிதம் எழுதுவார்கள். தெரியும். மூன்று வருஷ மானிட்டரை ரிச்சி தெருவில் கொண்டுபோய் வைத்து 12,000 கேட்டுப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தவிர, நாலு மானிட்டரும் செத்தா போயின? மூலையில் மங்கல், அவ்வளவுதான். இன்றைக்கும் அதில்தான் பாலன்ஸ் ஷீட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அங்கே உட்கார்ந்து பேசினேன். ரெண்டு மாசப் பிடித்தத்தோடு நின்றது. பிடித்த 4,000 திரும்பி வரவில்லை. அந்த அக்காவை கான்ட்ராக்டர் வேறு ஆபீஸுக்கு மாற்றிவிட்டார். புது இடம் அவர் வீட்டிலிருந்து ரெண்டு பஸ்.

'ஒரு தூசி தட்டறதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்பவர்களுக்கு: ஆர்ப்பாட்டம் தூசிக்கு இல்லை. சரியான முறை ரெண்டு நிமிஷ வேலை. அதைச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை, பிடித்தம் போட மட்டும் நேரம் இருக்கிறதே, அதற்கு.

முறையையும் சொல்லிவிடுகிறேன். மானிட்டரை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரீன் கறுப்பாக இருந்தால்தான் தூசியும் விரல் ரேகையும் கண்ணுக்குத் தெரியும். சூடும் ஆறட்டும். துணிக்கு எங்கும் அலைய வேண்டாம். மூக்குக் கண்ணாடி வாங்கும்போது டப்பாவுக்குள் சும்மா வைத்துக் கொடுக்கிறார்களே, அதுதான் மைக்ரோஃபைபர். 9,000 மீட்டர் இழையை எடை போட்டால் ஒரு கிராம்கூட வராது, அத்தனை சன்னம். ரெண்டு மூன்று உங்கள் பீரோவிலேயே கிடக்கும். அதுவும் இல்லையென்றால் நன்றாகத் துவைத்து நைந்துபோன பனியன் துணி, தையல் இல்லாத பாகம். டிஷ்யூ பேப்பர், நியூஸ் பேப்பர், கர்ச்சீப், துப்பட்டா, சட்டை நுனி எதுவும் வேண்டாம். பேப்பர் என்பது மரநார். மெத்தென்று இருந்தாலும் நார்தான்.

முதலில் ஈரமில்லாத துணியால், அழுத்தாமல், மேலிருந்து கீழே தூசியை மட்டும் எடுங்கள். இதைச் செய்யாமல் ஈரத்துணியை வைத்தால் தூசியில் இருக்கும் மண் துகளே உப்புத்தாள் வேலை செய்யும். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும், பல நாள் இதுவே போதும். போகாத கறைக்குத் தண்ணீர். எங்கள் ஏரியா போர் தண்ணீர் போட்டால் காய்ந்ததும் உப்புக் கோலம் நிற்கும். உங்கள் ஏரியாவிலும் அப்படித்தான் இருக்கும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் பாட்டரிக் கடையில் கேனில் கிடைக்கும். (தண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள், பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும்.) தண்ணீரைத் துணியில் விடுங்கள், ஸ்க்ரீனில் விடாதீர்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது. டிபன் சாப்பிட்டுக்கொண்டே டைப் அடித்ததில் சாம்பார் தெறித்துக் காய்ந்திருந்தால் நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்தால் ஊறி வந்துவிடும். கடைசியில் காய்ந்த துணியால் ஒருமுறை. பத்து நிமிஷம் விட்டு ஆன் செய்யுங்கள். துணியைச் சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள், வாசனைக் கண்டிஷனரில் முக்காதீர்கள். அதன் பிசுக்கு அப்படியே ஸ்க்ரீனுக்கு ஏறும். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி எடுக்காதீர்கள்.

ஆயுத பூஜை வருகிறது என்றால் இன்னொன்று. சந்தனம் குங்குமத்தை ஸ்க்ரீன் நடுவில் வைக்கிறார்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டுவதிலும் கோடு விழும். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள், பொட்டை மானிட்டரின் ஸ்டாண்டில் வையுங்கள்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ரெண்டு துணி வாங்கி, தண்ணீர் பாட்டிலோடு மானிட்டர்கள் இருக்கும் ரூமிலேயே ஓர் ஆணியில் மாட்டுங்கள். 'இதால் மட்டும் துடைக்கவும், ஸ்ப்ரே வேண்டாம்' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்கா என்றால் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று, ஒரு மானிட்டரை நீங்களே துடைத்துக் காட்டுங்கள். நோட்டீஸை மட்டும் ஒட்டிவிட்டுத் துணி வாங்க மறந்தீர்களானால், அடுத்த மேகமூட்டத்துக்கான பில்லில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.